யூஇஎஃப்ஐ மெய்நிகர் கணினியில் நெட்வொர்க் பூட் நின்றுபோனது – உதவி தேவை

எங்கள் ஆய்வகச் சர்வரை மூன்று நாட்களுக்கு முன் டெபியன் 12இலிருந்து 13க்கு மேம்படுத்தியது முதல், கேவிஎம்மில் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) இயங்கும் யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த ஃபர்ம்வேர் வகை) மெய்நிகர் கணினிகள் எதுவும் பிஎக்ஸ்இ (நெட்வொர்க்கிலிருந்து கணினியைத் தொடங்கும் முறை) வழியாக பூட் ஆகவில்லை. அதே பிரிட்ஜில் (மெய்நிகர் கணினிகளை நெட்வொர்க்குடன் இணைக்கும் பாலம்) இருக்கும் பழைய பயாஸ் வகைக் கணினிகள் சிக்கலின்றி பூட் ஆவதால், டிஎச்சிபி சேவை தரும் டிஎன்எஸ்மாஸ்க்கில் பிழை இருக்கும் என்று தோன்றவில்லை.

கணினியை இயக்கியதும் திரை ஒருமுறை மினுக்கிவிட்டு நேராக ஃபர்ம்வேர் மெனுவுக்குப் போய்விடுகிறது. டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தபோது டிஎச்சிபி சர்வரின் 67ஆம் போர்ட்டுக்கு ஒரு பாக்கெட் கூட வெளியேறவில்லை; ஐபி முகவரி கேட்கும் டிஎச்சிபி கோரிக்கையே எழவில்லை என்பதுதான் என்னைக் குழப்புகிறது.

நெட்வொர்க் கார்டை விர்ட்ஐஓவிலிருந்து இ1000க்கு மாற்றினேன், செக்யூர் பூட்டை அணைத்தேன், ஃபர்ம்வேர் அமைப்புகளைச் சேமிக்கும் என்விராம் கோப்பை அழித்துப் புதிதாக உருவாக்கினேன், பூட் வரிசையில் நெட்வொர்க்கை முதலில் வைத்தேன். எதுவும் பலிக்கவில்லை. இக்கணினிகளின் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பு பல ஆண்டுகளாகப் படியெடுத்து வருவது. சிபியூ மாதிரி க்யூஈஎம்யூ64, ரேண்டம் எண் தரும் விர்ட்ஐஓ ஆர்என்ஜி சாதனம் அதில் இல்லை.

மெய்நிகர் கணினிகளுக்கான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரான புதிய ஓவிஎம்எஃப்பின் நெட்வொர்க் அடுக்கு, ரேண்டம் எண் தரும் மூலம் இல்லையென்றால் தொடங்கவே மறுக்குமா?