கிங்காங்கின் ரோமம் துடிப்பது குறையா?

பழஞ்சுருள்:
“1933ஆம் ஆண்டின் கிங்காங்கில் குரங்கின் ரோமம் காரணமே இல்லாமல் துடித்துக்கொண்டிருக்கிறது, அது பொம்மை என்று குழந்தைக்கும் தெரியும், 2005ஆம் ஆண்டின் மறு ஆக்கம் வந்த பிறகு பழையதைப் பார்க்கத் தேவையில்லை” என்று திரைநேசன் நேற்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அந்தப் படத்தின் சிறப்புக் காட்சிகளை உருவாக்கிய வில்லிஸ் ஓ'பிரையனும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ ஒன்றரை அடி உயரப் பொம்மைக்கு முயல் ரோமம் போர்த்தி, ஒரு விநாடிப் படத்துக்கு 24 முறை அதன் கைகால்களை இம்மியளவு நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகப் படம்பிடித்தார்கள். விரல் பட்ட இடத்தில் முடி கலைந்தது. அந்தக் கலைவே திரையில் துடிப்பாகத் தெரிகிறது. சினம் கொண்ட விலங்கு சிலிர்த்து நிற்பதாகவே நான் அதைப் பார்க்கிறேன். அதைக் குறை என்று சொல்பவர் படத்தைக் கவனித்துப் பார்த்தவர் அல்லர்.

திரைநேசன்:
விரல் பட்டதால் முடி கலைந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். தற்செயலாக நேர்ந்த பிழைக்குச் சிலிர்ப்பு என்று பெயர் சூட்டினால் அது கலையாகிவிடாது. பீட்டர் ஜாக்சன் இயக்கிய 2005ஆம் ஆண்டின் மறு ஆக்கத்தில் கிங்காங்காக நடித்த ஆண்டி செர்கிஸ், அதற்காக ருவாண்டாவுக்கே சென்று கொரில்லாக்களைக் கவனித்துவிட்டு வந்து நடித்தார். உறைந்த குளத்தின் மீது கிங்காங்கும் நாயகி நவோமி வாட்ஸும் சறுக்கி விளையாடும்போது அதன் கண்களில் தெரியும் வியப்பு உங்கள் முயல் ரோமத்தில் எங்கே இருக்கிறது? அந்தப் படத்துக்கு மூன்று ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

பழஞ்சுருள்:
விருதுக் கணக்கை வைத்துப் படம் பார்ப்பவரோடு பேசுவது கடினம்; இருந்தாலும் பேசுகிறேன். மூலப்படம் ஏறத்தாழ 100 நிமிடம், உங்கள் மறு ஆக்கம் 187 நிமிடம். அதில் கிங்காங்கின் முகத்தைக் காணவே ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 1933இல் ஒரே ஒரு டைனோசரோடு நடந்த சண்டையில் ஒவ்வொரு பிடியும், ஒவ்வொரு திமிறலும், கடைசியில் தாடையைப் பிளந்துவிட்டு அது அசைகிறதா என்று கிங்காங் ஆட்டிப் பார்ப்பதும் மனத்தில் நிற்கின்றன. 2005இல் மூன்று டைனோசர்கள் வந்தும் எந்த அடி எதன் மீது விழுந்தது என்பது நினைவில் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூலப்படத்திலிருந்து வெட்டப்பட்டுத் தொலைந்துபோன சிலந்திப் பள்ளத்தாக்குக் காட்சியை ஜாக்சனே பழைய பொம்மை முறையில் மறுபடியும் உருவாக்கினார். மறு ஆக்கம் செய்தவருக்கே அந்த முறையின் மீது இருக்கும் மரியாதை அவருடைய ரசிகருக்கு இல்லை.

இரவுக்காட்சி:
அசுரப் படங்கள் என்றாலே கிங்காங் மட்டும்தானா? ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ என்ற 1951ஆம் ஆண்டுப் படத்தை இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் 1982இல் ‘தி திங்’ என்று மறு ஆக்கம் செய்தார். ராப் பாட்டின் உருவாக்கிய அந்த உருமாறும் உடல்களைப் பார்த்தவர் யாரும் பழையதை மேலானது என்று சொல்ல மாட்டார்.

பழஞ்சுருள்:
அது மறு ஆக்கமே அல்ல. இரண்டு படங்களுக்கும் மூலம் ஜான் கேம்பெல் 1938இல் எழுதிய கதை. பிறர் உருவத்தை எடுத்துக்கொள்ளும் உயிரி என்ற கருவை 1951ஆம் ஆண்டுப் படம் கைவிட்டது, கார்ப்பென்டர் மீட்டெடுத்தார்.

இரவுக்காட்சி:
மறு ஆக்கம் நன்றாக இருந்தால் அது மறு ஆக்கமே அல்ல, மோசமாக இருந்தால் மட்டும் மறு ஆக்கம். ஐயா, சென்ற மாதம் காட்ஸில்லா பற்றிப் பேசியபோதும் இதையே செய்தீர்கள்.

திரைநேசன்:
அதை நானும் மறக்கவில்லை. 1998இல் அமெரிக்காவில் எடுத்த காட்ஸில்லா படத்தைப் பிடிக்கும் என்று நான் சொன்னதற்கு, எனக்கு ரசனையே இல்லை என்று எழுதினார்.

பழஞ்சுருள்:
இப்போதும் அதையே எழுதுவேன். காட்ஸில்லாவை முதலில் உருவாக்கிய ஜப்பானின் தோஹோ நிறுவனமே 2004இல் எடுத்த தன் படத்தில் அந்த 1998ஆம் ஆண்டு உருவத்துக்கு ஸில்லா என்று பெயரிட்டு, சிட்னி நகரில் அசல் காட்ஸில்லாவிடம் சில நொடிகளில் அடிவாங்கிச் சாக வைத்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல வேண்டும்?

கடைசிவரிசை:
1976ஆம் ஆண்டின் கிங்காங்கை ஏன் யாருமே பேசவில்லை? அதற்காகக் கார்லோ ரம்பால்டி உருவாக்கிய 40 அடி இயந்திரக் கிங்காங் ஒழுங்காக இயங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் குரங்கு உடையணிந்து நடித்த ரிக் பேக்கரின் கண்களைப் பார்த்து நான் சிறுவயதில் அழுதிருக்கிறேன். அந்தப் படத்தில் ரோமம் துடிக்கவும் இல்லை.

பழஞ்சுருள்:
ரோமம் துடிக்காதது அங்கே பெருமை அல்ல, நண்பரே. மனிதன் அணிந்த உடையில் அது எப்படித் துடிக்கும்? 1933ஆம் ஆண்டுப் படத்தில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் விமானங்கள் சுட்ட பிறகு, கிங்காங் தன் மார்பைத் தொட்டுப் பார்க்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தனக்கு என்ன நேர்ந்தது என்று புரியாமல் அது தடுமாறும் அந்த நேரத்திலும் ரோமம் கலைந்துகொண்டேதான் இருக்கிறது. அங்கே மனிதக் கை ஒவ்வொரு கணமும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கண் கலங்குகிறது.

திரைநேசன்:
உங்கள் கண் கலங்கியது வேறு, ரோமம் துடிப்பது பிழையா இல்லையா என்பது வேறு. நான் கேட்டது இரண்டாவதை.

பழஞ்சுருள்:
பிழை அல்ல என்று மூன்று முறை எழுதிவிட்டேன்.

இரவுக்காட்சி:
1982ஆம் ஆண்டுப் படம் மூலத்தைவிட மேலானதா இல்லையா என்பதற்கு இருவருமே இன்னும் பதில் சொல்லவில்லை.