'குரங்கின் பாதம்', 'சிக்னல்மேன்': இரண்டிலும் மூன்றுதான், பயம் மட்டும் ஏன் வேறு வேறு?

கரிவிளக்கு (கேள்வி)

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்கின் பாதம்' (1902), சார்லஸ் டிக்கன்ஸின் 'சிக்னல்மேன்' (1866) இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை தயாராகிறது. இரண்டின் முடிவும் இந்த இழையில் வெளிப்படும். வாசிக்காதவர்கள் வாசித்துவிட்டு வாருங்கள்.

எலும்புக்கூடு ஒன்றுதான். அங்கே மூன்று வரங்கள், இங்கே மூன்று முறை வரும் உருவம். இரண்டிலுமே நம் கண்ணுக்கு நேராகப் பேய் வருவதில்லை. ஆனால் ஜேக்கப்ஸின் கடைசிப் பக்கத்தில் மூச்சு முட்டுகிறது. டிக்கன்ஸில் அப்படி ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட முடியவில்லை. முதல் பக்கத்திலிருந்தே ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது, கதை முடிந்த பிறகும் அது விடுவதில்லை.

'சூழல் வர்ணனை', 'மர்மம்' என்கிற பொதுப் பதில்கள் வேண்டாம். எந்த வரியில், எந்தத் தகவலைக் கொடுத்தோ மறைத்தோ இது நடக்கிறது? 2000 சொல்லில் ஒரு பேய்க்கதை எழுதுகிறவர் இவற்றில் எதைப் பின்பற்றலாம்?

வரிக்குவரி

ஜேக்கப்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கதையின் பதற்றம் வரம் தரும் பாதத்தின் விதிமுறையில் தொடங்குகிறது. மூன்று பேர், ஆளுக்கு மூன்று வரம். முதல் ஆள் கடைசியாகக் கேட்டது சாவை என்று, பாதத்தைக் கொண்டுவரும் விருந்தாளி சார்ஜென்ட் மேஜர் மோரிஸ் சொல்லிவிடுகிறார். தன் வரங்களில் என்ன கேட்டார் என்பதை மட்டும் சொல்வதில்லை. பாதத்தை நெருப்பில் வீசுகிறார், வீட்டுக்காரர் வைட் அதைப் பாய்ந்து எடுக்கிறார். இதற்குப் பிறகு வாசகருக்குப் பேய் வருமா என்ற கேள்வியே இல்லை. இன்னும் எத்தனை வரம் பாக்கி என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். முதல் பகுதி கதையில் ஏறக்குறைய பாதி. சதுரங்கம், விஸ்கி, மகன் ஹெர்பர்ட்டின் கிண்டல் என்று நிதானமாகப் போகிறதே, சுருக்கலாமே என்று தோன்றும். சுருக்கினால் ஹெர்பர்ட் நமக்கு யாரோ ஒருவன் ஆகிவிடுவான், மூன்றாம் பகுதியின் கதவுக்கு எடையே இருக்காது.

இரண்டாம் பகுதி வெயிலில் நடக்கிறது. வாசலில் ஒருவர் மூன்று முறை தயங்கி நின்று, நான்காம் முறை உள்ளே வருகிறார். நல்ல உடை, பளபளக்கும் புதுத் தொப்பி. 200 பவுன் கேட்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும், ஆகவே பணம் வருகிறது என்று ஊகிக்கிறோம். எந்த வழியாக வருகிறது என்பதுதான் தெரியாது. மகனுக்கு அடிபட்டதா என்று தாய் கேட்கிறாள். பலமான அடி, ஆனால் வலி இல்லை என்கிறார் வந்தவர். அவள் கடவுளுக்கு நன்றி சொல்லத் தொடங்குகிறாள். சொல்லி முடிப்பதற்குள் பொருள் அவளுக்கும் உறைக்கிறது. நமக்கு ஒரு வரி முன்னாலேயே தெரிந்துவிட்டது. அந்த ஒரு வரி இடைவெளிதான் குத்துகிறது. நம்மை இன்னும் முன்னால் தள்ளியிருந்தால் அவளுக்காகக் காத்துச் சலித்திருப்போம்.

மூன்றாம் பகுதியில் எல்லோரும் கதவுத் தட்டலைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் சுட்டுவது தூரத்தை. கல்லறை இரண்டு மைல் தள்ளி என்று அந்தப் பகுதியின் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, யாரும் கவனிக்க மாட்டார்கள். மகன் உயிரோடு வர வேண்டும் என்று இரண்டாம் வரம் கேட்ட பிறகு ஒன்றுமே நடப்பதில்லை. மெழுகுவர்த்தி அணைகிறது, கடிகாரம் ஓடுகிறது, படிக்கட்டு ஒன்று கிரீச்சிடுகிறது, எலி ஓடுகிறது. வைட் நிம்மதியாகப் படுக்கைக்கே போய்விடுகிறார். பிறகு தீக்குச்சியோடு கீழே இறங்க, படியடியில் அது அணைந்து அடுத்ததை உரச நிற்கும் நொடியில் முதல் தட்டல், காதில் விழுந்தும் விழாததுமாக. இரண்டு மைல் என்பதை மறந்துவிட்டேனே என்று தாய் கூவும்போதுதான் அந்த வெற்று நேரம் எதற்கென்று புரிகிறது. அது நடந்து வந்த நேரம். சிதைந்து, இறந்து பத்து நாளான ஒன்று நடந்து வந்த நேரம்.

அதற்கப்புறம் எல்லாம் கதவின் பாகங்கள். சங்கிலி, கீழ்த் தாழ்ப்பாள், எட்டாத மேல் தாழ்ப்பாள், அதற்காக இழுக்கப்படும் நாற்காலி. மாடியில் கணவர் இருட்டில் தரையைத் தடவிப் பாதத்தைத் தேடுகிறார். கதவைத் திறப்பதற்கு எத்தனை படிகள் பாக்கி என்று எண்ண முடிகிறது, தேடலில் எத்தனை பாக்கி என்று எண்ண முடியாது. இரண்டையும் அவர் ஒன்றாக ஓடவிடுகிறார்.

தண்டவாள ஓரம்

அருமை. டிக்கன்ஸில் இதற்கு நேர் எதிர். விதியை யாரும் சொல்லித் தருவதில்லை. நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஒழுங்கு. ரயில் சுரங்கத்தருகே வேலை பார்க்கும் சிக்னல்மேன் முன் உருவம் வந்தது, ஆறு மணி நேரத்துக்குள் பெரிய விபத்து. ஆறேழு மாதம் கழித்து மறுபடி வந்தது, அன்றைக்கே ரயில் பெட்டியில் ஓர் இளம்பெண் இறந்தாள். இப்போது ஒரு வாரமாக வந்து வந்து போகிறது. எதற்கென்று தெரியவில்லை.

இங்கே பதற்றத்தின் அச்சாணி தந்திக் கருவி. 'ஆபத்து, கவனம்' என்று செய்தி அனுப்பினால் 'என்ன ஆபத்து? எந்த இடம்?' என்று பதில் வரும். 'தெரியாது, ஆனால் கடவுளுக்காகக் கவனமாக இருங்கள்' என்பதைத் தவிர சிக்னல்மேனிடம் சொல்வதற்கு எதுவுமில்லை. அப்படிச் சொன்னால் வேலை போய்விடும். வைட் குடும்பம் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறது, செய்யச் செய்ய மாட்டிக்கொள்கிறது. சிக்னல்மேனோ எச்சரிப்பதே தொழிலாக உள்ளவர், எச்சரிக்கை கையில் வந்தும் கடத்த முடியாமல் நிற்கிறார். 1866இன் வாசகருக்கு இது கற்பனையாகப் பட்டிருக்காது. 1861 ஆகஸ்டில் கிளேட்டன் சுரங்கத்தில் இரண்டு முனை சிக்னல்காரர்களுக்கு இடையே போன செய்தி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு 23 பேர் இறந்திருந்தார்கள். டிக்கன்ஸ் 1865 ஜூன் 9 அன்று ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் விபத்துக்குள்ளான ரயிலில் இருந்தவர் என்பதை எல்லாக் கட்டுரையிலும் எழுதுகிறார்கள். பின்னணியாகச் சரி, கதை எப்படி இயங்குகிறது என்பதை அது விளக்காது.

தொடக்கத்தைப் பாருங்கள். மேலே நின்று கூப்பிடுகிறார் கதைசொல்லி. கீழே இருப்பவர் நிமிர்ந்து பார்க்காமல், திரும்பித் தண்டவாளத்தின் வழியே பார்க்கிறார். காரணம் சொல்லப்படவில்லை. பிறகு சிக்னல்மேன் ஆளா ஆவியா என்று கதைசொல்லிக்குச் சந்தேகம் வருகிறது. அதே சந்தேகம் கதைசொல்லிமேல் சிக்னல்மேனுக்கும். பேச்சின் நடுவே இரண்டு முறை, அடிக்காத மணியின் பக்கம் திரும்பி, கதவைத் திறந்து சிவப்பு விளக்கைப் பார்க்கிறார். இவற்றுக்கெல்லாம் விளக்கம் அடுத்த இரவுதான். அதாவது டிக்கன்ஸ் செயலை முதலில் வைக்கிறார், காரணத்தை ஓர் இரவு தள்ளி வைக்கிறார். ஜேக்கப்ஸ் காரணத்தை முதலில் வைத்து விளைவுக்காகக் காக்க வைக்கிறார். நீங்கள் கேட்ட வித்தியாசத்தில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி, உச்சகட்டம் மேடைக்கு வெளியே நடப்பது. மூன்றாம் நாள் கதைசொல்லி போகும்போது சிக்னல்மேன் அன்று காலையே ரயில் எஞ்சின் மோதி இறந்துவிட்டார். சுரங்க வாயில் இடக்கையால் கண்ணை மறைத்து வலக்கையை வீசி நிற்கிற உருவம் உண்மையான மனிதர், நடந்ததைச் செய்து காட்டுகிறார். விசிலை சிக்னல்மேன் பொருட்படுத்தவில்லை, கத்தினேன், கையை வீசினேன் என்கிறார் ஓட்டுநர். அவர் கத்திய சொற்களில் சில, உருவத்தின் சைகைக்குக் கதைசொல்லி தன் மனதுக்குள் மட்டும் பொருத்திப் பார்த்தவை. யாரிடமும் சொல்லாதவை. கதை அந்த வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. அதுவரை வெளியாளாக, பகுத்தறிவு பேசிக்கொண்டிருந்தவரும் வலைக்குள்தான் இருந்திருக்கிறார்.

நடுநிசி

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. சிக்னல்மேனின் நடுப்பகுதி தொய்கிறது. கண்ணின் கோளாறு, கம்பியில் காற்று என்று கதைசொல்லி அடுக்கும் சமாதானங்கள் இன்றைய வாசகருக்கு நீளம். அதைக் காப்பாற்றுவது சிக்னல்மேனின் ஒரே பதில்தான்: நான் இன்னும் முடிக்கவில்லை.

இன்னொன்று. எந்தக் கதையில் அமானுஷ்யத்துக்குச் சான்று அதிகம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அலறுகிற கதை ஜேக்கப்ஸுடையது, ஆனால் சான்று அங்கேதான் குறைவு. இயந்திர விபத்து தற்செயலாக இருக்கலாம். 200 பவுன் வழக்கமான இழப்பீடாக இருக்கலாம். பாதம் கையில் நெளிந்தது என்று சொல்வது வைட் மட்டும். கதவைத் தட்டியது வழிதவறிய யாராகவும் இருக்கலாம். திறந்து பார்த்தால் தெருவிளக்கும் வெறும் சாலையும்தான். டிக்கன்ஸில் மூன்று பொருத்தங்களோடு மனதுக்குள் இருந்த சொற்களும் சேர்கின்றன, தற்செயல் என்று தள்ள வழியே இல்லை. சத்தமில்லாத கதையில் நாம் பேயை நம்பியே ஆக வேண்டியிருக்கிறது. கட்டுரைக்கு இதைத்தான் மையமாக வைப்பேன்.

வரிக்குவரி

நடுநிசி சொன்னது சரியான இடம். கூட ஒன்று: மூன்றாம் வரத்தின் சொற்களை ஜேக்கப்ஸ் எழுதவே இல்லை. வைட் அதை முணுமுணுத்தார் என்பதோடு சரி, உடனே தட்டல் நிற்கிறது. எழுதியிருந்தால் தற்செயல் என்ற வாசல் அடைபட்டிருக்கும்.

எழுதிப் பார்க்கிறவருக்கு: கதையை அச்செடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஒரு குறி போடுங்கள். பாத்திரத்தைவிட வாசகருக்கு அதிகம் தெரிந்தால் மேல் அம்பு, குறைவாகத் தெரிந்தால் கீழ் அம்பு, சமமானால் கோடு. ஜேக்கப்ஸில் மேல் அம்புகள் கூடிக்கொண்டே போய், கதவருகே கோடாகும். டிக்கன்ஸில் முதல் இரவு முழுக்கக் கீழ் அம்பு. உங்கள் பிரதியில் இரண்டும் ஒரு பக்கத்துக்குள் மாறி மாறி வந்தால் பதற்றம் சேராது, குழப்பம்தான் சேரும்.

ஜேக்கப்ஸ் வழியில் வழக்கமாகக் கெடும் இடங்கள்: விதியைப் பாதிக்கதைக்குப் பிறகு சொல்வது, வாசகருக்கு எண்ண நேரமிருக்காது. கதவுக்கு வெளியே இருப்பதை ஒரு வரியாவது வர்ணிப்பது. இறுதிக் காட்சியில் ஒருவரை முட்டாளாக்குவது. அங்கே தாய் கதவைத் திறக்க நினைப்பதும் நியாயம், தந்தை தடுப்பதும் நியாயம். அதில் ஒன்றைக் குறைத்தால் காட்சி வெறும் துரத்தலாகிவிடும். 2000 சொல்லில் எழுதினால் 800 முதல் 900 வரை விதிக்கும் ஆட்களுக்கும், முதல் வரத்தின் விளைவுக்கு 400, மீதி முழுக்கக் கதவுக்கு.

கரிவிளக்கு

இரண்டையும் கலக்க முடியுமா? விதியை முன்னால் சொல்லிவிட்டு, உச்சகட்டத்தைச் செய்தியாக மட்டும் கொடுத்தால்?

தண்டவாள ஓரம்

எழுதலாம், பெரும்பாலும் சப்பென்று போகும். விதி தெரிந்த வாசகர் கடைசி எண்ணுக்காகக் காத்திருக்கிறார். அதைக் கண்ணெதிரே நடத்தாமல் 'காலையில் நடந்துவிட்டது' என்றால் ஏமாற்றியதாகத்தான் தெரியும். டிக்கன்ஸ் தப்பிப்பது அவர் எந்த எண்ணையும் வாக்களிக்காததால். மறுபக்கம் ஒரு கலவை வேலை செய்யும். ஒழுங்கை மட்டும் காட்டுங்கள், விதியாகச் சொல்லாதீர்கள், கடைசி நிகழ்வைக் கண்ணெதிரே நடத்துங்கள். ஆனால் அப்போது அந்த நிகழ்வின் வடிவம் முன்பே இரண்டு முறை வேறு காரணத்தோடு வந்திருக்க வேண்டும், சிக்னல்மேனில் கை வீச்சு வருவது போல. மூன்றாம் முறைதான் முதல்முறையாக வருகிறது என்றால் வாசகருக்கு அடையாளம் தெரியாது, நீங்கள் விளக்க வேண்டிவரும். விளக்கத் தொடங்கிய இடத்தில் பயம் போய்விடும்.