ஐஜிஎஸ்டி கட்டத்தில் விழுந்த செலான் பணம்: 3பி போடுவதற்குள் எப்படி மாற்றுவது?

வண்ணை ஜவுளி:
பழைய வண்ணாரப்பேட்டையில் சின்ன ஜவுளிக்கடை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் க்யூஆர்எம்பி திட்டம். ஜூலை, ஆகஸ்ட் செலான்களில் மொத்தப் பணமும் ஐஜிஎஸ்டியில், அதாவது வெளிமாநில விற்பனைக்கான வரித் தலைப்பில், கட்டப்பட்டிருக்கிறது. விற்பனையெல்லாம் தமிழ்நாட்டுக்குள்தான். வரி கட்டும் ரிட்டர்னான 3பியில் பணம் போதவில்லை என்று வருகிறது. திரும்பவும் கட்டணுமா? திருவொற்றியூர் கடை ஒன்று வேறு, "உங்க பில் 2பியில் (எங்க கொள்முதல் பில் பட்டியலில்) வரவே இல்லை" என்கிறது.

ராயபுரம் லெட்ஜர்:
திரும்பக் கட்ட வேண்டாம் சார். பணம் ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கேஷ் லெட்ஜரிலேயே (ரொக்கக் கணக்கில்) இருக்கிறது, தலைப்புதான் வேறு. ஐஜிஎஸ்டி ரொக்கத்தை வைத்து, மாநிலத்துக்குள் விற்பனைக்கான சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) பாக்கியை நேராகக் கழிக்க முடியாது. பிஎம்டி-09 என்ற படிவம் போட்டு மாற்றணும்.

சர்வீசஸ், லெட்ஜர்ஸ், எலெக்ட்ரானிக் கேஷ் லெட்ஜர் என்று போனால் பிஎம்டி-09 இருக்கும். எதிலிருந்து: ஐஜிஎஸ்டி, டாக்ஸ். எதற்கு: சிஜிஎஸ்டி, டாக்ஸ். பாதித் தொகை. எஸ்ஜிஎஸ்டிக்கு இன்னொரு வரி. சேவ் பண்ணினால் மட்டும் நகராது; ஓடிபி கொடுத்து ஃபைல் பண்ணணும். ஃபீ, இன்ட்ரஸ்ட் என்ற சிறு தலைப்பில் விழுந்த பணத்தையும் இதே படிவம் மாற்றும்.

இனிமேல் செலான் போடும்போது 'எனி அதர் பேமெண்ட்' எடுக்காதீர்கள். அதில் கட்டங்களை நாமே நிரப்பணும், இந்தக் குழப்பம் அங்கேதான் வரும். 'மந்த்லி பேமெண்ட் ஃபார் க்வார்ட்டர்லி ரிட்டர்ன்' எடுத்து 35% செலான் தட்டினால் தொகை தானாக வரும். போன காலாண்டு 3பியில் ரொக்கமாகக் கட்டிய வரியில் 35%. கிரெடிட்டில் (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில்) கழித்தது சேராது. 12,000 ரொக்கம் என்றால் மாதம் 4,200; சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிக்குத் தலா 2,100. அடுத்த மாதம் 25க்குள் கட்டணும். அந்த மாத வரிக்கு லெட்ஜரில் ரொக்கமும் கிரெடிட்டும் போதுமானால் செலானே வேண்டாம்.

மிண்ட் ஆடிட்:
2பி விஷயம் தனி. அது ஐஎஃப்எஃப், காலாண்டு ரிட்டர்ன்காரர்கள் இடையில் பில்களை ஏற்றும் வசதி. காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை, அடுத்த மாதம் 1 முதல் 13க்குள் ஐஎஃப்எஃப்பில் ஏற்றினால்தான் வாங்கியவருக்கு 14ஆம் தேதி 2பியில் தெரியும். ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்குப் போட்ட பில் மட்டும், மாதம் 50 லட்சம் வரை. கல்லா விற்பனை இதில் வராது. இதிலும் சேவ் செய்துவிட்டு ஃபைல் செய்யாமல் விடுவதுதான் வழக்கமான கோளாறு. 13 தாண்டினால் விற்பனை விவர ரிட்டர்னான காலாண்டு ஜிஎஸ்டிஆர்-1ல் ஏற்றலாம்; அப்படியானால் திருவொற்றியூர்க்காரர் அதுவரை காத்திருக்கணும். ஐஎஃப்எஃப்பில் போனதை ஜிஎஸ்டிஆர்-1ல் மறுபடி போடாதீர்கள்.

காலாண்டு முடிந்து 13ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, தமிழ்நாட்டுக்கு 22ஆம் தேதி 3பி. முதலாவது போகாமல் இரண்டாவது போகாது. 3பியில் தானாக வரும் விற்பனை வரியை 2025 ஜூலை கணக்கிலிருந்து திருத்த முடியாது. பில் விட்டுப்போயிருந்தால் 3பிக்கு முன்பே, ஜிஎஸ்டிஆர்-1ஐத் திருத்தும் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ஏ போடுங்கள். ஒரு காலத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. தாமதித்தால் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், வரி பாக்கி இல்லாத ரிட்டர்னுக்கு 20. பாக்கி வரிக்கு 18% வட்டி வேறு.

வண்ணை ஜவுளி:
பிஎம்டி-09 ஃபைல் ஆகிவிட்டது, பணம் இரண்டு தலைப்பிலும் காட்டுகிறது. ஆனால் ஓடிபி கணக்குப் பிள்ளை நம்பருக்குத்தான் போகிறது. மாற்ற முடியுமா?

ராயபுரம் லெட்ஜர்:
மாற்றலாம். சர்வீசஸ், ரெஜிஸ்ட்ரேஷன், நான்-கோர் ஃபீல்ட்ஸ் அமெண்ட்மெண்ட். ஆதரைஸ்டு சிக்னேட்டரி பகுதியில் உங்கள் மொபைலும் மெயிலும் போட்டு ஓடிபியால் உறுதிசெய்யுங்கள். 22ஆம் தேதி ராத்திரிக்கு வைத்துக்கொள்ளாமல் இப்போதே செய்துவிடுங்கள்.

மிண்ட் ஆடிட்:
இன்னொன்று. கடை வாடகைக்கா? உரிமையாளருக்கு ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கு 18% நீங்கள் கட்டணும். 25,000 வாடகைக்கு 4,500. 3பியில் 3.1(டி). இதை ரொக்கத்தில்தான் கட்டணும், கிரெடிட்டில் கழியாது. கட்டியதை அதே ரிட்டர்னில் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். லெட்ஜரில் பணம் ஏன் குறைகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் பலருக்கும் காரணம் இந்த வரிதான்; உங்கள் 3பியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.