நேவில ரெஸ்க்யூ ஃப்ளையிங்தான் ஆசைன்னா ஏஎல்ஹெச் (துருவ் ஹெலிகாப்டர்) கேக்கலாமா, சீஹாக் (சப்மரைன் தேடற ஹெலிகாப்டர்) கேக்கலாமா? எந்த ஸ்டேஷன் நல்லது?

கொளச்சல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி நேவி தளத்துல ஹெலிகாப்டர் ட்ரெயினிங் ஓடிட்டு இருக்கு, எந்த கோர்ஸ்னு மட்டும் கேக்காதீங்க. இப்போ சேத்தக்ங்கற சின்ன ஹெலிகாப்டர்ல பறக்கறோம், விங்ஸ் (பைலட் பேட்ஜ்) வாங்கறதுக்கு முன்னாடி எந்த மெஷின் எந்த ஊர்னு விருப்பம் கேப்பாங்கன்னு சீனியர்ஸ் சொல்றாங்க, கேட்டத குடுப்பாங்களாங்கறது வேற விஷயம். கூட இருக்கறவங்க முக்கால்வாசி பேர் சீஹாக் சீஹாக்னு அலையறாங்க. எனக்கு மனசு பூரா ரெஸ்க்யூலதான் இருக்கு. காரணம் எங்க ஊருதான், 2017 ஓகி புயல்ல கடலுக்குப் போன எங்க ஆளுங்கள தேடி நேவி ஹெலிகாப்டர் வந்தத பாத்து வளந்தவன், அப்போ ஸ்கூல் பையன். அந்த ஓகி ரெஸ்க்யூக்குத்தான் கேப்டன் பி. ராஜ்குமார் சாருக்கு சௌர்ய சக்ரா குடுத்தாங்க, அடுத்த வருஷம் கேரளா வெள்ளத்துலயும் அவர்தான் சீ கிங் ஹெலிகாப்டர மொட்டை மாடி மேல நிறுத்தி ஆளுங்கள தூக்கினாரு.

ஏஎல்ஹெச் எடுத்தா ரெஸ்க்யூ நெறய வரும்னு நெனக்கறேன், ஆனா 2025 ஜனவரில போர்பந்தர் ஆக்சிடெண்டுக்கு அப்புறம் மொத்த ஃப்ளீட்டயும் நிறுத்தினாங்கல்ல, அது பயமா இருக்கு. வீட்டுல அம்மா டிவி பாத்துட்டு "வேற வண்டி இல்லயாடா"ன்னு கேக்கறாங்க. ஸ்டேஷன் விஷயத்துலயும் கொழப்பம்தான், கொச்சி, கோவா, வைசாக், போர்ட் பிளேர், இல்ல நம்ம ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து. அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ரோட்டர்வாஷ்:

தம்பி, நான் நேவில ஷார்ட் சர்வீஸ் முடிச்சு இப்போ மும்பை பக்கம் ஆஃப்ஷோர் ஓட்டறேன், எண்ணெய் ரிக்குக்கு ஆளுங்கள கொண்டு போய் விடற வேலை. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ, நம்ம நேவில ரெஸ்க்யூன்னு தனி லைன் கெடயாது. நீ மெஷின கேக்கற, அவ்ளோதான். ரெஸ்க்யூ யாருக்கு வரும்னா அன்னிக்கு யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்களுக்கு. 2024 மார்ச்ல ஏடன் பக்கம் ட்ரூ கான்ஃபிடன்ஸ்னு ஒரு சரக்குக் கப்பல்ல மிஸைல் அடிச்சப்போ அங்க போய் 21 பேர காப்பாத்தினது ஐஎன்எஸ் கொல்கத்தா, போட்டையும் கப்பல்ல இருந்த ஹெலிகாப்டரையும் வச்சுதான் செஞ்சாங்க. அந்த ஃப்ளைட்ல இருந்த பைலட் ரெஸ்க்யூ ஸ்பெஷலிஸ்டா? இல்ல, கப்பலோட போனவன்.

இப்போ உன் கேள்விக்கு வரேன். கடல் மேல ராத்திரி, நிலா இல்லாம, கீழ ஒரு விளக்கு கூட இல்லாம ஹோவர்ல, அதாவது அந்தரத்துல ஒரே எடத்துல, நிக்கறதுதான் இந்தத் தொழில்லயே கஷ்டம். கண்ணுக்கு பிடிமானம் இல்ல, நகருறியா நிக்கறியான்னே தெரியாது, உடம்பு ஒண்ணு சொல்லும் இன்ஸ்ட்ருமெண்ட் ஒண்ணு சொல்லும். இத யாரு தினசரி பழகறான்னு பாரு, சப்மரைன் தேடறவன். சத்தத்த வச்சு சப்மரைன கண்டுபிடிக்கற சோனார தண்ணிக்குள்ள எறக்கணும்னா ராத்திரி இருட்டுல ஆட்டோ ஹோவர்ல எறங்கி நிக்கணும், மறுபடி ஏறணும், அடுத்த இடத்துல திரும்ப எறங்கணும். சீ கிங் காலத்துலேர்ந்து இப்போ சீஹாக் வரைக்கும் அதான் அவங்க சோறு. ராஜ்குமார் சார் பேர சொன்னியே, அவர் ஓட்டினது சீ கிங் 42பி, அடிப்படையில அது சப்மரைன் வேட்டை மெஷின்தான். இத யோசிச்சுப் பாரு. அதனால "சீஹாக் எடுத்தா ரெஸ்க்யூ போச்சு"ன்னு நெனக்காத, அதுலயும் ஆள தூக்கற ஹாய்ஸ்ட் இருக்கு.

ஏஎல்ஹெச் மார்க் 3யும் லேசுப்பட்டது இல்ல, ரெண்டு சக்தி இன்ஜின், மூக்குல ரேடார், ராத்திரில பாக்க கேமரா, ஆட்டோ ஹோவர், வேணும்னா உள்ள ஐசியு கூட மாட்டலாம். ஆனா பிளேட மடக்கி சின்ன கப்பல் ஹேங்கருக்குள்ள நுழைக்கறது அதுக்கு ஆரம்பத்துலேர்ந்தே பிரச்சனை, அதனால பெரும்பாலும் கரையிலதான் இருக்கும். கப்பல்ல போகணும்னா சேத்தக், ரஷ்ய கமோவ், சீஹாக்தான். சேத்தக்ல ஒத்த இன்ஜின், ஆட்டோ ஹோவர் கெடயாது, ராத்திரி கடல் மேல கயிறு விட்டு ஆள தூக்கற வின்ச்சிங்கறது அதுக்கான வேலையே இல்ல, ஆனா கை ஒழுங்கா படியறதுக்கு அது மாதிரி வாத்தியார் வேற எதுவும் இல்ல.

இன்னொண்ணு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. ஷார்ட் சர்வீஸ்ல 10 வருஷம், நீட்டிச்சா 14, அப்புறம் வெளிய வந்தா வேலை தரவன் முதல்ல கேக்கறது ட்வின் இன்ஜின் ஹவர்ஸ் எவ்ளோ, இன்ஸ்ட்ருமெண்ட் எவ்ளோ. சேத்தக்லயே ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்தா அங்க மாட்டிப்ப. காசு பத்தி பேசறேன்னு நெனக்காத, பேசித்தான் ஆகணும்.

வின்ச்_ராம்நாடு:

மேல சார் சொன்னது பைலட் கண்ணுலேர்ந்து. நான் பின்னாடி கதவுல உக்காந்தவன், ஏர்க்ரூ டைவர், அதாவது ஹெலிகாப்டர்லேர்ந்து தண்ணில எறங்கி ஆள மீட்கறவன், இப்போ ரிட்டயர்ட் ஆகி பரமக்குடில இருக்கேன். தம்பிக்கு ஒண்ணு சொல்றேன், ஆளு நேர் கீழ வந்துட்டா பைலட்டுக்கு தெரியவே தெரியாது. கதவுல இருக்கறவன் "ஃபார்வர்ட் ஃபைவ், ரைட் டூ, ஸ்டெடி"ன்னு சொல்றத நம்பித்தான் மெஷின நகத்தணும். அந்தக் குரல்ல நம்பிக்கை இல்லாத பைலட் எவ்ளோ பெரிய ஸ்டிக் மாஸ்டரா இருந்தாலும் ஆள தூக்க முடியாது. நீ விங்ஸ் வாங்கிட்டு ஸ்குவாட்ரனுக்கு போனதும் முதல்ல போய் உக்கார வேண்டியது உன் வின்ச் ஆபரேட்டர் பக்கத்துல, ஆபீசர் செய்லர்னு பாக்காம.

அப்புறம் டிவில காட்டற மாதிரி ஹூக்க எறக்கி ஆள மாட்டி தூக்கற கதை இல்ல. ஹூக்கு முதல்ல தண்ணிய தொடணும், இல்லன்னா மெஷின்ல சேந்த கரண்ட் கீழ இருக்கறவன் மேல எறங்கும். ரோட்டர் காத்துல மீன்பிடி வள்ளமே பொரளும், அதனால நேரா மேல போய் நிக்கக்கூடாது. கயிறு வள்ளத்து பாய்மரத்துலயோ ஆண்டெனாலயோ சிக்குனா வெட்டறதுக்கு கட்டர் இருக்கு, அத அமுக்கற முடிவு ஒரு செகண்ட்ல எடுக்கணும். ரொம்ப நேரம் தண்ணில கெடந்தவன நேரா நிமித்தி தூக்குனா ரத்தம் கால் பக்கம் எறங்கி மேல வர்றதுக்குள்ள நெஞ்சு நின்னுடலாம், அவனுக்கு ரெண்டு ஸ்ட்ராப் போட்டு படுத்த மாதிரி தூக்கணும். இதெல்லாம் நிறைய பழகற இடம்தான் நல்ல ஸ்டேஷன், ஊரு பேரு முக்கியம் இல்ல.

பருந்து பத்தி கேட்டியே, எங்க ஊரு பக்கம்தான். 1982ல சின்ன டிடாச்மெண்டா இருந்தது, 2009ல ஐஎன்எஸ் பருந்துன்னு ஆச்சு. பாக் ஜலசந்தி, மன்னார் வளைகுடா ரெண்டும் கைக்கெட்டும் தூரம். 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் வெள்ளம் வந்தப்போ அங்கேர்ந்துதான் சாப்பாட்டு மூட்டை போட போனாங்க. ஆனா சின்ன ஸ்டேஷன், முதல் போஸ்டிங்குக்கே அங்க ஆசப்படாத. கத்துக்குடுக்க சீனியர் கூட்டம் வேணும், அது கொச்சி கோவால இருக்கற அளவுக்கு இங்க இருக்காது.

குவார்ட்டர்ஸ்_அக்கா:

பைலட் எல்லாம் பேசிட்டாங்க, பொட்டி கட்டறவ நான் பேசறேன். வீட்டுக்காரர் நேவி ஹெலிகாப்டர்தான், அரக்கோணம், கொச்சி, போர்ட் பிளேர் மூணும் இருந்துட்டோம்.

கொச்சி கேட்டா தப்பே இல்ல தம்பி, உங்க ஊருக்கு ராத்திரி ட்ரெயின் ஏறினா காலைல வீடு. கொச்சி நேவி தளம் கருடால சீஹாக் 334 ஸ்குவாட்ரன் 2024 மார்ச்ல வந்துச்சு, ஏஎல்ஹெச்சும் அங்க இருக்கு, ஆக ரெண்டுல எது கெடச்சாலும் ஊர் மாறாது. கோவாலயும் அதே கதைதான் இப்போ, ஏஎல்ஹெச் 323 இருக்கு, சீஹாக் 335ம் வந்துடுச்சு, ஆனா வாடகைய நெனச்சாலே மயக்கம் வரும், குவார்ட்டர்ஸ் கெடைக்கற வரைக்கும் அழுகைதான். வைசாக் தளம் ஐஎன்எஸ் தேகால ஏஎல்ஹெச் 324, ஊரும் நல்லா இருக்கும், புயல் சீசன்ல மட்டும் வீட்டுக்காரர் எப்போ வருவார்னு கேக்கக்கூடாது.

போர்ட் பிளேர், இப்போ ஸ்ரீ விஜய புரம்னு மாத்திட்டாங்க, அங்க ஐஎன்எஸ் உத்க்ரோஷ் தளத்துல ஏஎல்ஹெச் 325. கல்யாணம் ஆகாதவனா இருந்தா கண்ண மூடிட்டு போ. தீவுக்குத் தீவு நோயாளி தூக்கறது, பிரசவ கேஸ், சின்ன தீவுல பெரிய ஆஸ்பத்திரி இல்லாததால ஹெலிகாப்டர்தான் ஆம்புலன்ஸ். வருஷத்துல எப்பவாச்சும் வர்ற வெள்ளம் இல்ல இது, சாதாரண செவ்வாக்கெழமை வேலை. வயசான அப்பா அம்மா இருந்தா மட்டும் யோசி, அவசரம்னா ஃப்ளைட் டிக்கெட் வெலையும் மழையும் சேந்து கழுத்த நெரிக்கும். எனக்கு மாமனாருக்கு உடம்பு முடியாதப்போ பட்டது போதும்.

அம்மா பயப்படறத சிரிச்சு மழுப்பாத. என்ன நடந்துச்சுன்னு உக்கார வச்சு சொல்லு, தெரிஞ்சா பயம் பாதி கொறயும்.

வெள்ளை_வண்டி:

கோஸ்ட் கார்டுலேர்ந்து ஒரு குரல். தம்பிக்கு ரெஸ்க்யூதான் உயிர்னா எங்க பக்கம் வந்திருக்கணும், இப்போ சொல்லி என்ன பண்ண. கடல்ல தேடல் மீட்புக்கு நாட்டுக்கே பொறுப்பு எங்க டைரக்டர் ஜெனரல்தான், மும்பை, சென்னை, போர்ட் பிளேர்னு மூணு எம்ஆர்சிசி (கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம்), 1554க்கு போன் பண்ணா எடுக்கறது நாங்க. நேவிக்கு அது நாலு வேலைல ஒரு வேலை.

ஏஎல்ஹெச் பத்தி நேரா சொல்லிடறேன். 2024 செப்டம்பர்ல ஹரி லீலாங்கற டேங்கர்ல அடிபட்ட ஆள தூக்க ராத்திரி போன எங்க மெஷின் போர்பந்தர் கடல்ல விழுந்து மூணு பேர் போனாங்க, அடுத்த ஜனவரில ஏர்போர்ட்லயே இன்னொண்ணு, அதுலயும் மூணு பேர். ரோட்டர் பிளேட் கோணத்த மாத்தற ஸ்வாஷ்பிளேட் உடைஞ்சதுன்னு விசாரணைல வந்துச்சு. ஆர்மிக்கும் ஏர்ஃபோர்ஸுக்கும் 2025 மே மாசம் பறக்க விட்டாங்க, கடல் பக்கம் இருக்கற மெஷின்களுக்கு அதுக்கப்புறமும் இழுத்துச்சு. பறக்காம ஸ்குவாட்ரன்ல உக்காந்திருக்கற இளம் பைலட்டுக்கு அது எவ்ளோ பெரிய நஷ்டம்னு இங்க எழுதினவங்க யாரும் சொல்லல. ஹவர்ஸ் ஏறாது, கரன்சி, அதாவது விடாம பறந்து தக்க வைக்கற தகுதி, போயிடும். மெஷின நான் குத்தம் சொல்லல, அதே மெஷின்லதான் எத்தனயோ மீனவங்கள தூக்கியிருக்கோம், ஆனா கணக்குல இதயும் சேத்துக்கோ.

கொளச்சல்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சோனார் எறக்கற பழக்கம்தான் ராத்திரி ரெஸ்க்யூக்கும் கை குடுக்கும்னு எனக்கு தோணவே இல்ல. அப்போ சீஹாக் முதல்ல, ஏஎல்ஹெச் ரெண்டாவது, ஊர் கொச்சி, அப்புறம் போர்ட் பிளேர்னு எழுதலாம்னு இருக்கேன். ரோட்டர்வாஷ் சார், ஒரு டவுட்டு, சீஹாக் போனா ரொம்ப நாள் கோ-பைலட்டாவே இருக்கணும்னு சொல்றாங்களே, உண்மையா? அக்கா, அம்மாகிட்ட ஞாயித்துக்கெழம பேசறேன்.

ரோட்டர்வாஷ்:

பெரிய மெஷின் எல்லாத்துலயும் அப்படித்தான், கேப்டன் சீட்டு மெதுவாத்தான் வரும். சேத்தக்ல சீக்கிரம் கேப்டன் ஆகலாம், விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த்ல ஃபைட்டர் எறங்கறப்போ பக்கத்துல பிளேன் கார்டா பறக்கலாம், அதுவும் சுத்தமான ரெஸ்க்யூ வேலைதான், ஃபைட்டர் பைலட் தண்ணில விழுந்தா தூக்க நீதான் இருப்ப. அதனால சேத்தக் குடுத்தா மூஞ்ச தூக்கி வச்சுக்காத, ரெண்டு மூணு வருஷம் பறந்துட்டு வேற மெஷினுக்கு கன்வர்ஷன் கேளு. வரிசை நீ போட்டது சரி. ஆனா மெரிட்ல மேல இருந்தாத்தான் அந்த வரிசைய யாராச்சும் படிப்பாங்க, அதனால ஃபோன கீழ வச்சுட்டு நாளைக்கு பறக்கப் போற சார்ட்டிக்கு எமர்ஜென்சி டிரில்ல இன்னொரு தடவ பாரு. லாக்புக்ல நைட்டயும் இன்ஸ்ட்ருமெண்டயும் இப்போலேர்ந்தே தனித்தனியா கூட்டி வை, பத்து வருஷம் கழிச்சு உக்காந்து கூட்டறது நரகம்.

வின்ச்_ராம்நாடு:

கொச்சி கெடச்சா சொல்லு தம்பி, அங்க என்கிட்ட பழகின பயலுக ரெண்டு பேரு இன்னும் கதவுல இருக்காங்க.