பழைய உலையை மூடியது தவறா, புதிய உலை கட்டுவது தவறா? ஐரோப்பாவின் அணுமின் கணக்கு

நெக்கார்க்கரை:

இரண்டு நாளைக்கு முன் இந்தக் குழுவில் ஒருவர், “ஐரோப்பா அணுமின்சாரத்துக்குத் தலைமுழுகிவிட்டது, ஜெர்மனியே சாட்சி” என்று எழுதியிருந்தார். அந்தச் சாட்சியின் பக்கத்திலேயே குடியிருப்பவன் நான். ஹைல்பிரான் நகரத்துக்குத் தெற்கே, நெக்கார் ஆற்றங்கரையில், பழைய கல்குவாரிக்குள் கட்டிய நெக்கார்வெஸ்ட்ஹைம் நிலையம் இருக்கிறது. அதன் இரண்டாம் உலையை 2023 ஏப்ரல் 15 இரவு நிறுத்தினார்கள். அதே இரவில் இசார் 2, எம்ஸ்லாண்ட் இரண்டும் நின்றன. ஜெர்மனியில் அத்தோடு முடிந்தது.

ஆனால் ஐரோப்பா முழுவதும் அப்படி இல்லை. அணுமின்சாரத்தைக் கைவிட 2003இல் சட்டம் போட்ட பெல்ஜியம், 2025 மே மாதம் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டது. டோல் 4, டிஹாஞ்ச் 3 உலைகளை 2035 வரை ஓட்டப் போகிறார்கள். 1980இல் வாக்கெடுப்பு நடத்தி ‘மெல்ல விலகுவோம்’ என்ற சுவீடன் இப்போது புதிய உலை கேட்கிறது. போலந்தில் இதுவரை ஓர் அணுமின் நிலையம்கூட ஓடியதில்லை. ஸார்னோவியெட்ஸில் தொடங்கிய கட்டுமானத்தை 1990இல் பாதியில் விட்டார்கள். இப்போது அதே பால்டிக் கரையில் மூன்று அமெரிக்க உலைகளுக்கு வேலை நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு இன்னும் அணுவிலிருந்துதான் வருகிறது.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். ஜெர்மனி செய்தது தவறு. கடைசி மூன்று உலைகள் 2022இல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 6 சதவீதம் தந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த உலைகள், கட்டிய கடன் தீர்ந்தவை. அவற்றை நிறுத்திவிட்டு நிலக்கரிக்கு 2038 வரை அவகாசம் கொடுத்தார்கள். முதலில் அணைக்க வேண்டியது எது?

மாலதி லியோன்:

அண்ணா, நீங்கள் மூடிய உலைக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறீர்கள். நான் ஓடுகிற உலைக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். லியோனுக்குக் கிழக்கே ரோன் நதிக்கரையில் பூஜே நிலையம். நாலு உலையும் 1970களின் கடைசியில் ஓடத் தொடங்கியவை. எங்கள் வீடு அதிலிருந்து 20 கிலோமீட்டருக்கு உள்ளே வருகிறது. உலையில் விபத்து நேர்ந்தால் மக்களைக் காக்க ஏற்பாடு செய்யும் வட்டம் இது. முன்பு 10 கிலோமீட்டர், 2019இல் விரித்தார்கள். அந்த ஆண்டு ஒரு கடிதம் வந்தது. அதை ஃபார்மசியில் காட்டி அயோடின் மாத்திரை வாங்கி வந்து வைத்திருக்கிறேன். சமையலறை மேல் இழுப்பறையில், பனடோலுக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டியாக இருக்கிறது. மகள் அதை எடுத்து “இது எதற்கு அம்மா?” என்று கேட்டபோது, ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்த அளவு வரை சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பயம் மட்டும்தான் என் வாதம் என்று நினைக்க வேண்டாம். 2022ஐ நினைத்துப் பாருங்கள். ரஷ்ய எரிவாயு நின்றுபோன ஆண்டு, அணுமின்சாரம் மிகவும் தேவைப்பட்ட ஆண்டு. அந்த ஆண்டுதான் பிரான்சின் உலைகளில் பாதியளவு ஒரே நேரத்தில் நின்றன. குழாயில் விரிசல், தள்ளிப்போன பராமரிப்பு, ஆற்றில் சூடு. முந்திய ஆண்டு அணுவிலிருந்து 36,100 கோடி யூனிட் எடுத்த நாடு அந்த ஆண்டு 27,900 கோடி யூனிட்தான் எடுத்தது. நாற்பது ஆண்டுகளில் முதல் தடவையாக, வெளியே விற்றதைவிட அதிகம் வாங்கியது. பிரான்சின் உலைகளை நடத்தும் ஈடிஎஃப் நிறுவனம் அந்த ஒரே ஆண்டில் 1,790 கோடி யூரோ நட்டப்பட்டு, முழுவதும் அரசின் கைக்குப் போனது.

இன்னொன்று. ஜெர்மனி உலையை மூடியதும் நிலக்கரி கூடியது என்று பலர் நினைக்கிறார்கள். கூடவில்லை. 2023இல் நிலக்கரி மின்சாரம் குறைந்தது, 2024இல் இன்னும் குறைந்தது.

நெக்கார்க்கரை:

குறைந்தது உண்மைதான் தங்கச்சி. ஆனால் ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். காற்றாலையும் சூரியத் தகடும் கூடின, அது நல்ல விஷயம், மறுக்கவில்லை. அதோடு தொழிற்சாலைகள் மின்சாரம் செலவழிப்பது குறைந்தது. ஜெர்மனி 2023இல் ஏற்றுமதி நாடு என்பது போய் இறக்குமதி நாடாகவும் ஆனது. அந்த 6 சதவீதமும் கையில் இருந்திருந்தால் நிலக்கரி இன்னும் கீழே போயிருக்கும்.

2024 டிசம்பர் 12ஐயும் பாருங்கள். காற்று இல்லை, வெயில் இல்லை. இங்கே ‘டுங்கல்ஃபிளவுட்டே’ என்பார்கள், இருட்டும் காற்றின்மையும் சேர்ந்து நாள்கணக்கில் நிற்பது. அன்று மாலை 5 மணிக்குச் சந்தை விலை யூனிட்டுக்கு 94 சென்ட்டைத் தொட்டது. கம்பி வழியாக அந்த விலை தெற்கு சுவீடனுக்கும் போனது. ஜெர்மனி உலைகளை மூடியதற்கு நாங்கள் விலை கொடுக்கிறோம் என்று சுவீடனின் எரிசக்தி அமைச்சர் எப்பா புஷ் வெளிப்படையாகவே கோபப்பட்டார். அதே ஆண்டு பிரான்ஸ் நிகரமாக 8,900 கோடி யூனிட் வெளியே விற்றது. நீங்கள் சொன்ன 2022 பள்ளத்திலிருந்து இரண்டே ஆண்டில் ஏறிவிட்டது.

குழாய்ப் பரிசோதகன்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். திருச்சிப் பக்கம் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கைப் பரிசோதிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். மாலதி அம்மா ‘குழாயில் விரிசல்’ என்று சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் பிரச்சினை எங்கே என்று புரியும்.

அந்த விரிசல் முதலில் சிவோ நிலையத்தில், 2021 கடைசியில், பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய சோதனையில் தெரிந்தது. உலை சூடேறினால் அவசரமாகத் தண்ணீர் செலுத்தும் குழாயில், வெல்டிங்குக்கு ஓரமாக. இதைக் கண்ணால் பார்க்க முடியாது. குழாயின் மேல் ஜெல் தடவி, தீப்பெட்டி அளவு கருவியை வைத்து மெல்ல நகர்த்த வேண்டும். உள்ளே போன ஒலி திரும்பி வந்து திரையில் ஒரு முள்ளாக எழும். வெல்டிங்கின் வேர்ப்பகுதியிலிருந்து வரும் முள்ளும், அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் விரிசலின் முள்ளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் எழும். துருப்பிடிக்காத எஃகில் இது இன்னும் மோசம், உலோகத்தின் மணிகளே ஒலியைச் சிதறடிக்கும். எது வேர், எது விரிசல் என்று சொல்ல ஆள் வேண்டும். விரிசல் என்று முடிவானால் குழாயை அறுத்து எடுத்துப் புதியது வைத்து வெல்டு செய்ய வேண்டும், அதற்கும் ஆள் வேண்டும். பிரான்சில் போதிய ஆள் இல்லாமல் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் சுமார் நூறு வெல்டர்களை வரவழைத்தார்கள். அப்போது ஐம்பத்தாறு உலை வைத்திருந்த நாடு!

காரணம் எளிது. 1974இல் பிரதமர் மெஸ்மரின் அணுமின் திட்டம் தொடங்கி, பதினைந்து இருபது ஆண்டுகளில் வரிசையாக உலைகளைக் கட்டிக் குவித்தார்கள். சிவோவின் இரண்டாம் உலை 1999 கடைசியில் மின்சாரம் கொடுத்தது. அதோடு கை நின்றுவிட்டது. அடுத்த உலையான ஃபிளாமன்வில் 3க்கு 2007 டிசம்பரில்தான் கான்கிரீட் போட்டார்கள். 2012இல் முடிப்பதாகத் திட்டம், செலவு 330 கோடி யூரோ. மின்வலையில் சேர்ந்தது 2024 டிசம்பர் 21. ஈடிஎஃப் கணக்கில் கட்டுமானச் செலவு 1,320 கோடி. வட்டியெல்லாம் சேர்த்து பிரெஞ்சுத் தணிக்கை நீதிமன்றம் போட்ட கணக்கு 2,370 கோடி. உலையை மூடும் இரட்டைச் சுவருக்கு நடுவே போகும் நீராவிக் குழாயில் எட்டு வெல்டிங் சரியில்லை என்று 2019இல் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. மனிதன் நுழைய முடியாத இடம், ரோபோ செய்து இறக்கிச் சரிபண்ணினார்கள். எட்டு வெல்டிங்குக்கு ஆண்டுக்கணக்கில் காலம் போயிற்று.

அதனால் என் கட்சி இரண்டிலும் பாதி பாதி. ஓடுகிற உலையை நிறுத்தியது பெருந்தவறு. இருபது ஆண்டு கைவிட்ட தொழிலை ஒரே ஒரு உலை வைத்து மீட்க நினைத்ததும் தவறு. கட்டினால் ஒரே வடிவத்தில் வரிசையாகக் கட்ட வேண்டும், அதே ஆட்கள் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டும். இதே வடிவ உலைகள் இரண்டை சீனா தைஷானில் பிந்தித் தொடங்கி 2018, 2019இல் ஓட்டிவிட்டது. அங்கே கை நிற்கவே இல்லை.

மாலதி லியோன்:

ஐயா, இவ்வளவு நாள் செய்தியில் ‘கொரோசியோன்’ (அரிப்பு) என்று கேட்டேனே தவிர, அது இப்படித்தான் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. நன்றி.

ஆனால் வரிசையாகக் கட்டினால் மலிவாகும் என்பதை எப்படி நம்புவது? பென்லி, கிராவ்லின், பூஜே மூன்று இடத்திலும் இரண்டிரண்டாக ஆறு உலை கட்டப் போகிறார்கள். முதலில் 5,170 கோடி யூரோ என்றார்கள். இப்போது 7,280 கோடி. முதல் உலை 2038இல் வரும் என்கிறார்கள். இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயிண்ட்டில் 1,800 கோடி பவுண்டு என்று தொடங்கியது 3,100 முதல் 3,400 கோடிக்குப் போய்விட்டதாக 2024இல் சொன்னார்கள், அதுவும் 2015 விலைவாசியில். இந்தப் பணத்தை இன்றைக்கே காற்றாலைக்கும் மின்கம்பிக்கும் பேட்டரிக்கும் போட்டால் மூன்று நாலு ஆண்டில் பலன் தெரியும். 2038 வரை காலநிலை காத்திருக்காது.

தண்ணீரையும் பாருங்கள். கோடையில் ரோன் சூடாகும்போது பூஜேயில் உற்பத்தியைக் குறைக்கிறார்கள். 2 ஆம், 3 ஆம் உலைகள் ஆற்றுத் தண்ணீரை எடுத்து, சூடான தண்ணீரை நேரே ஆற்றிலேயே விடுபவை. குளிர்விக்கும் கோபுரம் கட்டினால் ஆற்றுக்குப் போகும் சூடு குறையும், ஆனால் ஆவியாகப் போகும் தண்ணீர் கூடும். கடலோரத்திலாவது நிம்மதியா? 2025 ஆகஸ்டில் ஜெல்லிமீன் கூட்டம் வடிகட்டிகளை அடைத்து கிராவ்லினில் நாலு உலை நின்றன.

பரணி:

எரிபொருளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, பல்கேரியா, பின்லாந்தின் லோவீசா என்று ஐரோப்பாவில் நிறைய ரஷ்ய வடிவ உலைகள் ஓடுகின்றன. நம் கூடங்குளத்தில் இருக்கும் அதே விவிஇஆர் குடும்பம். எரிபொருள் கட்டு அறுகோண வடிவம், மேற்கத்திய உலைகளில் சதுரம். அதனால் ரஷ்யாவை விட்டால் வாங்க இடமில்லாமல் பல காலம் இருந்தது. ரஷ்ய நிலக்கரிக்கும் கப்பலில் வரும் எண்ணெய்க்கும் தடை போட்ட ஐரோப்பிய ஒன்றியம் அணு எரிபொருளுக்கு மட்டும் தடை போடவில்லை, போட முடியவில்லை. இப்போது அமெரிக்க நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸ் சுவீடனின் வெஸ்டெரோஸில் அறுகோணக் கட்டுகள் செய்து கொடுப்பதால் மெல்ல மாறுகிறார்கள். ஹங்கேரி மட்டும் பாக்ஷில் ரஷ்யாவோடு சேர்ந்து புதிய உலையே கட்டுகிறது.

போரையும் மறக்கக் கூடாது. உக்ரைனின் ஜபரோஷியாவில் ஆறு உலை, ஐரோப்பாவிலேயே பெரிய நிலையம், 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யப் படையின் கையில். உலை நின்றாலும் குளிர்விக்கக் கரண்ட் வேண்டும், வெளியிலிருந்து வரும் கம்பியோ எத்தனையோ தடவை அறுந்துவிட்டது. சூரியத் தகட்டில் குண்டு விழுந்தால் தகடு உடையும், அவ்வளவுதான்.

நெக்கார்க்கரை:

பரணி, ஜபரோஷியா விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

மாலதி, கழிவைப் பற்றி நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். 2017இல் இங்கே ஆற்றுவழியே கழிவு வந்தது. 2005இல் மூடிய ஓபரிகைம் உலையின் எரிந்த எரிபொருள், 342 கட்டுகள், ‘காஸ்டர்’ எனும் கனத்த பாதுகாப்புப் பெட்டிகள் 15இல், ஒரு நடைக்கு மூன்றாக ஐந்து நடை. நெக்காரில் படகில் ஏற்றி 50 கிலோமீட்டர் எதிர்நீரில் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் நானும் கரையில் நின்று பார்த்தேன். முன்னும் பின்னும் போலீஸ் படகு, மேலே ஹெலிகாப்டர், நடுவில் நடைவேகத்தில் தட்டையான ஒரு படகு. பாலத்தில் எதிர்ப்பாளர்கள். பக்கத்தில் நின்ற ஒரு மூதாட்டி அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெட்டிகள் இன்னும் நெக்கார்வெஸ்ட்ஹைம் குன்றைக் குடைந்த சுரங்கத்தில்தான் இருக்கின்றன. நிரந்தர இடம் ஜெர்மனி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. பின்லாந்து ஒன்கலோவில் 430 மீட்டர் ஆழத்துப் பாறையில் செப்புக் கலத்தில் வைத்துக் களிமண்ணால் மூட இடம் தோண்டி வைத்திருக்கிறது.

உலையை நிறுத்தியதால் அந்தப் பெட்டிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. கழிவு இருக்கிறது, மின்சாரம் மட்டும் போய்விட்டது. எனக்கு ஆறாதது அதுதான்.

மாலதி லியோன்:

அண்ணா, பூஜேயின் பழைய நாலு உலையை நாளைக்கே மூடு என்று நானும் சொல்லவில்லை. சோதனையில் தேறுகிறவரை ஓடட்டும், மூடினால் அந்த இடத்துக்கு எரிவாயுதான் வரும் என்பது எனக்கும் தெரியும். என் சண்டை புதிய இரண்டோடு. அவை கட்டி முடித்து அறுபது ஆண்டு ஓடினால் 2100ஐத் தாண்டும். அன்றைக்கு ரோனில் ஆகஸ்ட் மாதம் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று இன்றைக்கே கையெழுத்துப் போட்டுச் சொல்ல யாரால் ஏலும்?

குழாய்ப் பரிசோதகன்:

அந்தக் கேள்விக்கு வெல்டிங் பரிசோதகனிடம் பதில் இல்லை அம்மா. ஆற்றுக் கணக்கு தெரிந்தவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் எழுதுங்கள், நானும் படிக்கக் காத்திருக்கிறேன்.