பொருள்: ‘ரேடியோமிக்ஸ்’ – தமிழில் எப்படிச் சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

சுங்கை சிப்புட் டீச்சர்:
அனைவருக்கும் வணக்கம். ஞாயிறன்று கோயில் மண்டபத்தில் தலை, கழுத்துப் புற்றுநோய் பற்றித் தோட்டத்து மக்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம். துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வெற்றிலை பாக்குப் பகுதி முடிந்தது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2003-இல் முடிவு செய்ததை எழுதிவிட்டேன். நம் பாட்டிமார் பலர் அதை இன்னும் நம்புவதில்லை.

சிக்கல் ரேடியோமிக்ஸில்தான். ஸ்கேன் படத்தில் கட்டியின் அளவு, வடிவம், சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கம் என்று நூற்றுக்கணக்கான கூறுகளைக் கணினி அளக்கிறது. சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புமா என்பதை அவற்றை வைத்துக் கணிக்கப் பார்க்கிறார்கள். ‘கதிர்ப்பட முன்கணிப்பியல்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

ஈப்போ தமிழாசிரியர்:
டீச்சர், எம்.ஆர்.ஐ. காந்தத்தால் எடுப்பது. அதைக் ‘கதிர்ப்படம்’ என்றால் பிழை. ‘படிமம்’ எல்லாவற்றையும் அடக்கும். படி என்றால் ஒப்பு, அதிலிருந்து படிமை, படிமம். தொல்காப்பியப் பாயிரத்தில் ‘பல்புகழ் நிறுத்த படிமையோனே’ என்று வருகிறதே!

கூலிம் அன்பர்:
ஐயா, அந்தப் படிமை தவ ஒழுக்கம். ஸ்கேனுக்கும் அதற்கும் என்ன உறவு? படிமம் ‘பிரதிமா’ என்ற வடசொல்லின் திரிபு. நம்மிடம் ‘உரு’ இருக்கிறது. உருவம், உருவு, உருப்படி எல்லாம் அதன் பிள்ளைகள். ‘உருவளவையியல்’ என்பதே தூய தமிழ்.

ஈப்போ தமிழாசிரியர்:
அளவை என்றால் பிரமாணம், அதாவது உண்மையை அறியும் வழி. மணிமேகலைக்கு அறவண அடிகள் சொல்லித் தந்தது அதைத்தான். அளவையியல் தருக்க நூலுக்குரிய பெயர், ஸ்கேனுக்கு ஆகாது. ‘அளவியல்’ போதும். படிமையைப் பற்றி விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

கிள்ளான் டாக்டர்:
கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். துறையின் பெயரில் ‘முன்கணிப்பு’ வேண்டாம். 2014-இல் ‘நேச்சர் கம்யூனிக்கேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வில் நுரையீரல், தலை, கழுத்து நோயாளிகள் 1,019 பேரின் சி.டி. படங்களில் 440 கூறுகளை அளந்தார்கள். நோயின் போக்கைச் சொல்வதாக நுரையீரல் படங்களில் கண்ட அடையாளம் தலை, கழுத்துக்கும் பொருந்தியது. பெரிய வரவேற்பு. 2019-இல் வேறொரு குழு திரும்பச் சோதித்தபோது, அந்த அடையாளம் பெரும்பாலும் கட்டியின் கன அளவைத்தான் வேறு வழியில் சொல்லியிருக்கிறது என்று தெரிந்தது.

வாய்ப் புற்றில் இன்னொரு தொல்லை. பல் அடைப்பின் உலோகம் ஸ்கேனில் வெள்ளைக் கீற்றாகச் சிதறி, பக்கத்துக் கட்டியின் சாம்பல் நிறத்தைக் கெடுத்துவிடும். வேறு இயந்திரத்தில் எடுத்தாலும் எண்கள் மாறும். அளப்பது உறுதி, கணிப்பு இன்னும் ஆய்வில்தான். பெயரிலேயே முன்கணிப்பு இருந்தால், ‘ஸ்கேன் எடுத்தாச்சே, எனக்கு எத்தனை வருஷம்?’ என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்வது?

தெலுக் இந்தான் பெரியவர்:
தோட்டத்தில் கிராணியாக இருந்தவன் நான். எண்ணெய்ப் பனைக்குச் ‘செம்பனை’ என்ற பெயர் மலேசியாவில் நிலைத்ததற்குக் காரணம், பழத்தின் நிறம் அதில் தெரிகிறது. படிமம் என்றால் கோயில் சிலை என்று நினைக்கிற மக்களுக்கு எழுதுகிறோம். ‘ஸ்கேன் அளவியல்’ என்று போடுங்கள்.

கூலிம் அன்பர்:
ஆங்கிலத்தை அப்படியே வைப்பதற்கு இத்தனை மடல் எதற்கு?

சுங்கை சிப்புட் டீச்சர்:
அச்சகத்திலிருந்து இரண்டு தடவை அழைத்துவிட்டார்கள். மூன்று பேர் ‘படிம அளவியல்’ பக்கம், என்னையும் சேர்த்து. அதையே தலைப்பில் வைத்து, கீழே ‘ஸ்கேன் படத்தை அளந்து பார்க்கும் முறை’ என்று எழுதுகிறேன். பெரியவருக்கு அது போதும் என்று நினைக்கிறேன். டாக்டர் சொன்னதால் ‘நோய் திரும்புமா என்று தெரிந்துவிடும்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘திரும்பும் வாய்ப்பைக் கணிக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள்’ என்று மாற்றிவிட்டேன்.

கிள்ளான் டாக்டர்:
நன்றி டீச்சர். ஆறாத வாய்ப்புண் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் கிளினிக்குக்கு வரச் சொல்லும் வரியை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கூலிம் அன்பர்:
துண்டறிக்கைக்குச் சரி. அகராதிக்கு நான் ஒப்பவில்லை. ‘உருவளவியல்’ என்பதே என் வாக்கு, பதிவில் இருக்கட்டும்.