மினியேச்சர் பீரங்கி வச்சிருக்கவங்க: இன்னும் மனசுல நிக்கிற ஒரு சம்பவம் சொல்லுங்க

மொட்டைமாடி லாலி:
புதுச்சேரி, நண்பன் வீட்டு மாடி. 1760 ஜனவரி 22ல நடந்த வந்தவாசிப் போரைப் பொம்மைப் படை வச்சு ஆடுற ஆட்டம், பொம்மை ஆள் 28 மி.மீ. உயரம். பிரெஞ்சுப் பக்கம் நான். என் வெடிமருந்து வண்டி அப்பத்தான் வெடிச்சுது (நிஜப் போர்லயும் வெடிச்சதுதான்). அதுமேல பஞ்சைப் பிச்சு புகை வச்சிக்கிட்டிருந்தேன். வத்தல் அள்ள வந்த நண்பனோட தாத்தா குனிஞ்சு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி, என் பீரங்கிக்குப் பூட்டியிருந்த நாலு குதிரையையும் பார்த்தார். "மாடு எங்கப்பா?"ன்னார். அவ்வளவுதான். வத்தலை அள்ளிட்டு இறங்கிட்டார்.

மூணு வாரம் ராத்திரி முழிச்சு அந்தக் குதிரைகளுக்குச் சேணம் வரைஞ்சிருக்கேன். நம்ம பக்கம் பீரங்கி இழுத்தது மாடுன்னு தெரியாதவனா நான்? பெட்டியில குதிரைதான் வந்துச்சு, பூட்டிட்டேன்.

ஆப்பு:
மாட்டை விடுங்க. நீங்க முன்னாடி போட்ட போட்டோவுல குழாய்க்கு அடியில திருகு இருக்கு. அது கிரிபோவால் முறை, பிரெஞ்சுக்காரங்க 1765ல கொண்டுவந்த பீரங்கி அமைப்பு. வந்தவாசியில பிரெஞ்சுப் படையை நடத்தின லாலி காலத்துல அதுக்கு முந்தின வாலியேர் முறை, 1732ல வந்தது; வாயை ஏத்தி இறக்க மர ஆப்பைத்தான் தட்டுவாங்க. உங்க பீரங்கி போர் முடிஞ்சு அஞ்சு வருஷம் கழிச்சுப் பொறந்தது. என் சம்பவமா? அக்கா பையன் என் 12 பவுண்டர் (12 பவுண்டு குண்டு போடுற பீரங்கி) பொம்மையோட குழாயை எடுத்து விசில் ஊதினான்.

தேவனாம்பட்டினத்தான்:
எங்க ஊர், கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக் கதை தெரியும்ல. 1690ல கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கினப்ப, பீரங்கிக் குண்டு போய் விழுற வரைக்கும் நிலம் அவங்களுக்குன்னு பேச்சு. குண்டு கிராமம்னு பேரே வந்துச்சு. அதைப் பொண்ணுகிட்ட சொல்லிக்கிட்டே பெயின்ட் அடிச்சேன். "குண்டு ஒரு மைல் போனா, உன் பொம்மைக்கு எவ்வளவுப்பா?"ன்னா. பொம்மை நிஜத்துல 56ல ஒரு பங்குன்னு (1:56) வச்சா 28 மீட்டருக்கு மேல. டேப்பை எடுத்துக்கிட்டு வாசல் தாண்டி நடந்தவ, எதிர் வரிசை டீக்கடை பெஞ்சுல நின்னு கத்தினா: "அப்பா, டீக்கடை நம்மளுது!" ஆட்டத்தோட விதிப்புத்தகத்துல பீரங்கி சுடுற தூரத்தை ஏன் அப்படிச் சுருக்குறாங்கன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

கடல்காத்து:
மூணு பேருமே பிரைமரை, அதான் பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சை, மறந்துட்டீங்க. கடலூரானும் புதுச்சேரியானும் மழைக்காலத்துல ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. காத்துல ஈரம் இருந்தா மேல மாவு தூவின மாதிரி பூத்துடும், அப்புறம் சக்கரத்து ஆரம் ஒண்ணுகூடத் தெரியாது. பிரஷ்ல பூசுங்க, மெலிசா ரெண்டு தடவை. அதுக்கு முன்னாடி சோப்புத் தண்ணியில கழுவுங்க, அச்சுல போட்ட பவுடர் போகணும். குழாயைச் சும்மா பசை போட்டு ஒட்டாதீங்க. சின்ன ட்ரில்லால ஓட்டை போட்டு கம்பி சொருகுங்க. பழைய ஈயப் பொம்மைன்னா மர அலமாரியில அடைச்சு வைக்காதீங்க, மரத்துல இருந்து வர்ற ஆவி ஈயத்தை வெள்ளையா பொடிச்சுடும். என்னோடது அப்படித்தான் போச்சு, ரெண்டு பீரங்கி.

மொட்டைமாடி லாலி:
பிரைமர் பத்தி யாருங்க கேட்டா? ஆப்பு சார், திருகை அறுத்துட்டேன், தீக்குச்சியைச் சீவி ஆப்பு வச்சாச்சு.

மாடுதான் கதை. வில்லியனூர்ல களிமண் பொம்மை செய்யறவர்கிட்ட போய் ரெண்டரை சென்டிமீட்டர் உயரத்துல மாடு வேணும்னேன். "கொலுவுக்கா?"ன்னார். பீரங்கி இழுக்கன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, "பாரம் எவ்வளவு?"ன்னு கேட்டார். முழிச்சேன். எட்டு வாங்கிக்கச் சொன்னார். பஸ்ல வரும்போது மூணுக்குக் கொம்பு போச்சு.